இருபத்தேழாம் பக்கத்துக் குடை

நூலகப் புத்தகத்தில் கிறுக்கக்கூடாது என்று சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியிருக்கிறது. உயர்நிலைப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள் நான். புத்தகத்தின் ஓரத்தில் பேனாவால் பூனை வரைந்த ஒரு மாணவியை நிற்கவைத்து, பொதுச்சொத்து என்றால் என்ன என்று கால் மணி நேரம் பேசியிருக்கிறேன். அதே நான்தான், பதினோரு வருடங்களாக, நூலகத்துக் காதல் நாவல்களின் இருபத்தேழாம் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்ன மாங்காய் வரைந்துவருகிறேன்.

அதற்குக் காரணம் இருக்கிறது. காதல் நாவல் படிக்காதவர்களுக்கு அது சட்டென்று புரியாது. நெஞ்சம், நிலவு, மழை, உயிர், நீ, நான் என்று ஆறே சொற்களை மாற்றி மாற்றி அடுக்கித்தான் எங்கள் நாவல்களுக்குத் தலைப்பு வைக்கிறார்கள். அட்டையில் திரும்பிப் பார்க்கிற ஒரு பெண், பக்கவாட்டில் முறைக்கிற ஒரு தாடிக்காரன், பின்னால் ஒரு கார். பின்னட்டைச் சுருக்கத்தைப் படித்தாலும் பிடிக்காத கல்யாணம், கோபக்கார நாயகன், வாயாடி நாயகி என்றுதான் இருக்கும். இரண்டு முறை, ஏற்கனவே படித்த புத்தகத்தையே செங்காங்கில் இருக்கிற என் வீடு வரை தூக்கிக்கொண்டு போய், நாற்பது பக்கம் படித்த பிறகு, அட, இவனுக்கு ஊட்டியில் ஒரு தம்பி உண்டே, அவன் வந்து கெடுப்பானே என்று தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த வழக்கத்தைத் தொடங்கியது நான் இல்லை. அப்படி ஏமாந்த ஒரு நாள், புத்தகத்தைப் புரட்டும்போது இருபத்தேழாம் பக்கத்தின் அடியில் ஒரு சின்ன மீனைப் பார்த்தேன். பென்சில் மீன். அடுத்த புத்தகத்திலும் அதே பக்கத்தில் மீன் இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு நட்சத்திரம், இன்னொன்றில் ஒரு கோணல் பூ. ஏற்கனவே படித்த புத்தகத்தை அடையாளம் வைக்க யாரோ கண்டுபிடித்த வழி இது என்று கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. ஏன் இருபத்தேழு என்று யாருக்கும் தெரியாது. யாரோ தொடங்கினார்கள், மற்றவர்கள் வரிசையில் நின்றுவிட்டார்கள். சிங்கப்பூரில் வரிசை என்று ஒன்று இருந்தால் எதற்கென்று கேட்காமல் நிற்பதுதானே நம் வழக்கம். நானும் நின்றேன். மாங்காய் எனக்குக் கோணாமல் வரையவரும் ஒரே உருவம்.

நூலகப் பணியாளர்கள் எப்போதாவது அழிப்பானால் எங்கள் எல்லோரையும் அழித்துவிடுவார்கள். நாங்கள் மறுபடி முளைப்போம்.

இதை எழுதும்போதே எனக்குக் கொஞ்சம் கூசுகிறது. கிறுக்கியதற்காக இல்லை, படித்ததற்காக. இத்தனை வருடம் நான் கூசிக்கொண்டேதான் படித்தேன். வடகிழக்கு ரயிலில் செங்காங்கிலிருந்து ஏறினால், என் பெட்டியில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் இரண்டு பேர் இருந்தால் அதிசயம். அப்படியும் அட்டையை மடியோடு அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் படிப்பேன். பிறகு பழைய நாட்காட்டித் தாளில் அட்டை போட்டேன். ஆசிரியர் அறையில் ஒரு சக ஆசிரியை "என்ன புக் டீச்சர்?" என்று கேட்டபோது, "கட்டுரைத் தொகுப்பு" என்று கண் சிமிட்டாமல் சொன்னேன். அந்த அத்தியாயத்தில் நாயகன் நாயகியின் சுளுக்கிய காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான்.

வீட்டில் மட்டும் ஒளிவுமறைவு இல்லை. என் கணவர் விமான நிலையத்தில் வேலை பார்க்கிறவர், புத்தகம் என்றால் கையேடு மட்டும்தான் படிப்பார். நான் சோபாவில் சாய்ந்தால் போதும், "இந்த வாட்டி ஹீரோவுக்கு எத்தன ஃபேக்டரி?" என்பார்.

"மூணு. ஒரு டீ எஸ்டேட்டும் இருக்கு."

"பரவால்ல, போன வாரத்து ஆளுக்கு ரெண்டுதானே. இவன் முன்னேறிட்டான் லா."

கேலி செய்யட்டும். குறைகள் எனக்கும் தெரியும். பணக்காரனாக இல்லாவிட்டால் இவர்களுக்குக் காதலே வராது. நாயகி எங்கே தடுக்கி விழுந்தாலும் அவன் கை நீளும் தூரத்தில்தான் விழுவாள். இரண்டே வரியில் பேசித் தீர்க்கக்கூடிய சந்தேகத்தை இருநூறு பக்கம் இழுப்பார்கள். இதையெல்லாம் சிவப்பு மையால் சுழிக்கிற கைதான் என்னுடையதும். ஆனாலும் அந்தக் கோபக்காரன் முதன்முதலாக "சாப்டியா?" என்று கேட்கிற பக்கம் வரும்போது என் நெஞ்சு இன்றைக்கும் ஒரு துள்ளு துள்ளும். ஐம்பத்து நான்கு வயதில் துள்ளுகிற நெஞ்சை நான் ஏன் அடக்க வேண்டும்?

நான் இதற்குள் வந்தது அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது. அதற்கு முன்பு கனமான நாவல்கள்தான் படிப்பேன், அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கையில் இருந்த பெரிய நாவலில் ஒரு கிழவர் சாகத் தொடங்கியதும் மூடி வைத்துவிட்டேன். அந்த மாதம் என்னால் இன்னொரு சாவைத் தாங்க முடிந்திருக்காது. பக்கத்துக் கட்டிலைப் பார்க்க வந்த யாரோ நாற்காலியில் ஒரு காதல் நாவலை விட்டுப் போயிருந்தார்கள். எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் எல்லோரும் உயிரோடு இருப்பார்கள் என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. அப்பா போன பிறகும் நான் அந்த அடுக்கை விட்டுப் போகவில்லை.

இனி குடையைப் பற்றிச் சொல்கிறேன்.

நான்கு வருடங்களுக்கு முன்பு இருபத்தேழாம் பக்கத்தில் ஒரு புதிய சின்னம் வந்தது. விரித்த குடை, வளைந்த கைப்பிடியோடு, அவசரமில்லாமல் வரைந்தது. மற்ற நாங்களெல்லாம் வந்துபோனதைப் பதிவு செய்தோம், அவ்வளவுதான். குடை அதற்கு மேல் ஒன்று செய்தது. சில புத்தகங்களில் குடைக்குக் கீழே ஒரு மழைத்துளி, சிலவற்றில் இரண்டு துளி, பலவற்றில் ஒன்றுமே இல்லை. மூன்று துளியை நான் அப்போது பார்த்ததில்லை. இரண்டு துளி போட்ட புத்தகத்தை எடுத்துப் படித்தேன், மூக்கைச் சிந்திச் சிந்திக் கைக்குட்டை நனைந்துவிட்டது. இன்னொரு இரண்டு துளியை எடுத்தேன், அதுவும் அப்படித்தான். துளியில்லாத ஒன்றைச் சோதித்துப் பார்த்தேன், கொட்டாவிதான் வந்தது.

அதிலிருந்து நான் நாவல் தேர்ந்தெடுத்ததே இல்லை, குடை தேர்ந்தெடுத்ததைப் படித்தேன். புதிய புத்தகங்களுக்கு முதலில் நானே மாங்காய் வரைந்துவிட்டால், குடை என்ன சொல்கிறது என்று பார்க்க இரண்டு வாரம் கழித்து மறுபடி போவேன். பெரும்பாலும் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாத நாளில் மனதுக்குள் சண்டை போடுவேன். இந்தப் புத்தகத்துக்கா ஒரு துளி? உனக்கு நெஞ்சில் ஈரம் இல்லையா?

மனதுக்குள் அந்தக் குடைக்காரிக்கு ஓர் உருவமும் கொடுத்துவிட்டேன். பிடோக்கில் இருக்கிறாள், ஓய்வுபெற்ற தாதி, தங்க விளிம்புக் கண்ணாடி, பையில் எப்போதும் மடக்குக் குடை. பொங்கோலில் பேரப்பிள்ளைகள். என்னைப் போலவே நாட்காட்டித் தாளில் அட்டை போடுகிறவள். எனக்கு அவளிடம் ஒரு பாசம் வந்துவிட்டது, சொல்லப்போனால் பள்ளியில் என்னோடு தினமும் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களைவிட அதிகமாக. காதல் நாவல் படிக்கிறவள் என்று என்னைத் தெரிந்த, அதற்காகச் சிரிக்காத ஒரே ஆள் அவள்தான்.

இதே நேரத்தில் எனக்கு இன்னொரு முகமும் இருந்தது. லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலைக்கு ஒரு சந்து தள்ளி, ஓர் உணவகத்தின் மாடியில் எங்கள் வாசகர் வட்டம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடும். பதினைந்து பேர் வந்தால் நல்ல கூட்டம். தலைவர் ஓய்வுபெற்ற பொறியாளர், கறாரான மனிதர். நான் செயலாளர். யார் எதைப் பற்றிப் பேசினார்கள் என்று குறிப்பெடுப்பேன், தேநீருக்குச் சொல்வேன். அங்கே பேசப்படுவதெல்லாம் கனமான புத்தகங்கள். காதல் நாவல் என்ற பேச்சு வந்தால் அது கேலிக்காகத்தான் வரும். யார் கேலி செய்தாலும் நான் எல்லோரையும்விட ஒரு பங்கு சத்தமாகச் சிரிப்பேன். மாட்டிக்கொள்ளாமல் இருக்க அதுதான் வழி என்று நினைத்திருந்தேன்.

போன வருடம் ஒரு கூட்டத்துக்கு ஒரு புதியவர் வந்தார். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கமெல்லாம் விடுமுறையில் வந்த ஊழியர்களால் நிரம்பி வழியும், நடைபாதையில் நடக்கவே இடம் இருக்காது. அந்தக் கூட்டத்திலிருந்து பிரிந்து படியேறி வந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, எண்ணெய் தடவி வாரிய தலை. கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை, தஞ்சாவூர்ப் பக்கம், வந்து ஒன்பது வருடம் ஆகிறது என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டார். கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் அசையாமல் கேட்டார். கடைசியில் தலைவர் "புதுசா வந்தவங்க ஏதாச்சும் சொல்லுங்க" என்றதும் எழுந்தார்.

"ஐயா, காதல் கத படிக்கிறவங்களும் இங்க வரலாங்களா?"

அறையில் ஒரு சின்னச் சலசலப்பு. தலைவர் புன்னகையோடு, "என்ன படிச்சீங்க, சொல்லுங்க" என்றார். புதியவர் சொன்னார். தலைப்பைச் சொல்லி, கதையையும் சொல்லத் தொடங்கினார். ரயில் நிலையத்தில் நாயகி திரும்பிப் பார்க்காமல் போகிற இடம் வந்ததும் அவருடைய குரல் லேசாகக் கம்மியது.

நான் படித்த புத்தகம். அந்த ரயில் நிலையத்தில் நானும் அழுதிருக்கிறேன். இப்போது அவர் கண்ணைப் பார்த்தால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்தேன். எல்லோரும் என்னைத்தான் பார்ப்பதுபோல் இருந்தது. உண்மையில் ஒருவரும் பார்க்கவில்லை. பதற்றத்தில் வாய் முந்திக்கொண்டது.

"அதுக்கெல்லாம் கூட்டம் எதுக்கு லா? மொத பக்கத்த பாத்தாலே கடைசி பக்கம் தெரிஞ்சிடுமே!"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், அதுதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை. சிரித்துவிட்டு, கோபமே இல்லாமல் பதில் சொன்னார்.

"அது தெரியறதாலதான் மேடம் படிக்கிறோம், நானும் வீட்டுக்காரம்மாவும். அவ ஊர்ல போன்ல படிப்பா. நான் இங்க லைப்ரரியில அதே புக்க தேடி எடுத்து படிப்பேன். வேல முடிஞ்சு வந்து போன போட்டா, பருப்பு வெல, பள்ளிக்கூடம், எங்கம்மா சண்ட, அஞ்சு நிமிசத்துல பேச்சு தீந்துரும். கதயப் பத்தின்னா ஒரு மணி நேரம் பேசுவோம். எனக்குக் கண்ணு கலங்குச்சுன்னா ஒரு துளி, அவளுக்கும் கலங்குச்சுன்னா ரெண்டு துளி. அப்புடி ஒரு கணக்கு வச்சிருக்கோம்."

என் கையில் பேனா நின்றுவிட்டது. பிடோக் தாதி, தங்க விளிம்புக் கண்ணாடி எல்லாம் ஒரு நொடியில் காணாமல் போய்விட்டன. மூன்று வருடமாக என்னோடு சேர்ந்து அழுத ஆள் அதோ நிற்கிறார். இரண்டு பேராக அழுதிருக்கிறார்கள்.

அந்த நேரத்தில் நான் எழுந்து, "தம்பி, அந்த மாங்காய் நான்தான்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வாய் கேலிக்கு முந்திக்கொண்டதே தவிர, இதற்குத் திறக்கவே இல்லை. தலைவர் அன்பாகத்தான் பேசினார். வாசிக்கிற பழக்கம் நல்லது, அடுத்த படிக்குப் போகவேண்டும் என்று சொல்லி ஆறு கனமான நாவல்களின் பெயரை அடுக்கினார். "செயலாளர், எழுதிக் குடுங்கம்மா" என்றார். நான் குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, ஆறு பெயரையும் என் அழகான கரும்பலகைக் கையெழுத்தில் எழுதி, அவர் கையில் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கி, நான்காக மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தேநீர் குடித்த குவளையைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார். குறிப்பேட்டில் நான் எழுதியது ஒரே வரி: புதிய வாசகர் ஒருவர் கருத்துக் கூறினார்.

அதன் பிறகு அவர் கூட்டத்துக்கு வரவில்லை. காதல் நாவல் அடுக்கில் குடையும் வரவில்லை. ஒரு மாதம் பார்த்தேன், இரண்டு மாதம் பார்த்தேன். புதிய புத்தகங்களில் மீன் வந்தது, நட்சத்திரம் வந்தது, என் மாங்காய் இருந்தது. குடைக்கான இடம் காலியாகவே கிடந்தது. ஊருக்குப் போய்விட்டாரோ, பட்டறையில் ஏதாவது ஆகிவிட்டதோ என்று என்னென்னவோ தோன்றியது. வீட்டில் கணவரிடம் சொன்னபோது அவர் கேலி செய்யவில்லை. "அந்த லிஸ்ட் பொஸ்தகத்தயெல்லாம் பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். கையேடு படிக்கிறவர்களுக்குத்தான் இப்படி மூளை வேலை செய்யும்.

அடுத்த சனிக்கிழமை நூலகத்தில் எதிர்ப்பக்கத்துக் கனமான நாவல்களின் அடுக்குக்குப் போனேன். பட்டியலில் முதல் புத்தகத்தை எடுத்து இருபத்தேழாம் பக்கத்தைத் திறந்தேன். குடை இருந்தது. அந்தப் பக்கத்தில் வேறு சின்னமே கிடையாது, குடை மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தது. கீழே துளி இல்லை. இரண்டாவது புத்தகத்திலும் குடை, துளி இல்லை. வீட்டுப்பாடம் மாதிரி, நான் எழுதிக்கொடுத்த வரிசைப்படியே படித்திருக்கிறார்.

மூன்றாவது புத்தகத்தில் குடைக்குக் கீழே ஒரே ஒரு துளி இருந்தது.

அந்த அடுக்குக்கு நடுவில் நின்று நான் அழுதேன், ஒளிக்காமல் சொல்கிறேன். அது நல்ல நாவல். கர்வக்காரியாக இருந்த காலத்தில் நானும் படித்து உருகியது. அவருக்கும் பிடித்திருக்கிறது, கண் கலங்கியிருக்கிறார். ஆனால் அந்தப் புத்தகம் அவருடைய வீட்டுக்காரம்மாவின் போனில் கிடைக்காது. அவர் தனியாகக் கலங்கியிருக்கிறார். பிறகு ஊருக்குப் போன் போட்டு எதைப் பற்றிப் பேசியிருப்பார்? பருப்பு விலையைப் பற்றியா? கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிற ஒரு புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் ஓடிக்கொண்டிருந்த ஒரு மணி நேரப் பேச்சை, என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள நான் நிறுத்திவிட்டேன். அதைத் திரும்பக் கொண்டுவராமல் எனக்கு இனி எந்த நாவலும் இறங்காது என்று தெரிந்துவிட்டது.

அவருடைய பெயரை நான் குறித்துக்கொள்ளவில்லை. எந்தப் பட்டறை, எந்த விடுதி என்றும் தெரியாது. கூட்டத்துக்கு ஒருவேளை மறுபடி வரலாம் என்பதுதான் முதலில் தோன்றியது. அந்த மாதம் பேசுகிற முறை என்னுடையது. மொழிபெயர்ப்பு நாவல் ஒன்றைப் பற்றிப் பேசுவதாக அறிவித்திருந்தேன். பையில் போட்டுக்கொண்டு போனது அதை இல்லை, ரயில் நிலையக் காதல் நாவலை. நாட்காட்டித் தாளை உரித்துவிட்டு, தாடிக்காரன் எல்லோருக்கும் தெரியும்படி மேசைமேல் வைத்தேன். முப்பது வருடம் வகுப்பில் பேசியவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

அவர் வரவில்லை. வாசலைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். ஆனாலும் பேசினேன். பதினோரு வருடமாக இதைப் படிக்கிறேன், ரயிலில் மறைத்தேன், ஆசிரியர் அறையில் பொய் சொன்னேன், அன்றைக்கு வந்தவரை நான் கேலி செய்தது இந்தப் புத்தகத்துக்கு நானே அழுதவள் என்பதால்தான் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். நூலகப் புத்தகத்தில் கிறுக்குகிறேன் என்பதையும் சொன்னேன்.

இரண்டாம் வரிசையில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். பிடோக்கில் ஒரு கிளினிக்கில் வேலை, நான்கு வருடமாக வருகிறார், வாயே திறந்ததில்லை. அவர் மெல்லக் கையைத் தூக்கினார்.

"டீச்சர், அந்த மாங்கா நீங்களா?"

"ஆமா."

"ஐயோ, நான்தான் மீன் லா!"

அதன் பிறகு கூட்டம் கூட்டமாக இல்லை. மீனம்மா என்னருகில் வந்து உட்கார்ந்துகொண்டார், இரண்டு பேருமாகக் கதையைச் சொன்னோம், முந்திக்கொண்டு சண்டை போட்டோம். தலைவர் மட்டும் முகத்தை இறுக்கமாக வைத்திருந்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு ரசனை என்று முடித்துவைத்தார். படியிறங்கும்போது என்னைத் தனியாக நிறுத்தி, "அந்தப் புத்தகம் லைப்ரரில இருக்காம்மா? என் மனைவி கேப்பாங்க" என்றார். அவர் மனைவி தமிழ் படிக்கமாட்டார், சீனப் பெண்மணி. நான் சிரிக்காமல் அடுக்கு எண்ணைச் சொன்னேன்.

மனம் லேசானது உண்மைதான். ஆனால் பாவமன்னிப்பு எனக்குத்தான் கிடைத்தது, அந்த மனிதருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவரிடம் பேச எனக்கு இருந்த ஒரே இடம் இருபத்தேழாம் பக்கம்.

பட்டியலின் நான்காவது புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். குடை இல்லை, இன்னும் வரவில்லை. அடுத்து இதைத்தான் எடுப்பார். ஒரு தாளில் எழுதினேன். எழுதி, கிழித்து, மறுபடி எழுதினேன். மாணவர்களுக்குக் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு ஐந்து தாள் வீணானது.

"குடை வரைகிற தம்பிக்கு. இந்தக் கையெழுத்து உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு உங்களைக் கேலி செய்தது நான்தான். நீங்கள் சொன்ன அந்த ரயில் நிலையத்தில் உங்களுக்கு முன்பே நின்று அழுதவளும் நான்தான். என்னை மன்னித்துவிடுங்கள். இந்தப் பட்டியல் பிடித்திருந்தால் படியுங்கள், கடமைக்குப் படிக்காதீர்கள். காதல் நாவல் அடுக்கில் மேலிருந்து இரண்டாம் தட்டில் பச்சை அட்டைப் புத்தகம் ஒன்று வந்திருக்கிறது. நாயகனுக்கு ஒரு தொழிற்சாலைகூட இல்லை, ஆனால் நன்றாக இருக்கிறது. போனிலும் கிடைக்கும், பார்த்துவிட்டேன். வீட்டுக்காரம்மாவிடம் சொல்லுங்கள்." அதன் தலைப்பையும் எழுதினேன். அதை இங்கே சொல்லிப் பயனில்லை, உங்களுக்கு ஞாபகம் இருக்காது. கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் ஒரு மாங்காய் வரைந்து, தாளை இருபத்தேழாம் பக்கத்தில் செருகினேன். பச்சை அட்டைப் புத்தகத்தின் இருபத்தேழாம் பக்கத்திலும் என் மாங்காய் ஏற்கனவே இருந்தது.

வேறு யாராவது அந்த நான்காவது புத்தகத்தை எடுத்துவிடுவார்களோ என்ற கவலை எனக்கு இல்லை. அறுநூறு பக்கம், முதுகில் தூசி.

ஒவ்வொரு சனிக்கிழமையும் போய்ப் பார்த்தேன். முதல் வாரம் தாள் அப்படியே இருந்தது. இரண்டாம் வாரமும் இருந்தது. மூன்றாம் வாரம் பள்ளியில் வேலை, போக முடியவில்லை, அந்த நாள் முழுக்க யார்மீதாவது எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். நான்காம் வாரம் புத்தகம் இருந்தது, தாள் இல்லை. அறுநூறு பக்கத்தையும் உதறிப் பார்த்தேன். கால் தரையில் படாமல் காதல் நாவல் அடுக்குக்கு ஓடினேன். இரண்டாம் தட்டில் பச்சை அட்டைப் புத்தகத்தைக் காணவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வாரம். என் கணவர்கூட தினமும் "குட வந்துச்சா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். மீனம்மா பிடோக்கிலிருந்து போன் போட்டு விசாரித்தார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் பச்சை அட்டை இரண்டாம் தட்டில் திரும்ப வந்து நின்றது. எடுத்தேன். திறக்கப் பயமாக இருந்தது. நின்றபடியே பக்கத்தைப் புரட்டினேன்.

என் மாங்காய்க்குப் பக்கத்தில் குடை விரிந்திருந்தது. அதன் கீழே அழுத்தி நிரப்பிய இரண்டு துளிகள். இரண்டு பேரும் அழுதிருக்கிறார்கள். பேசியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் இருந்தது. மூன்றாவது துளி. அதை அவர் நிரப்பவில்லை, கோடு மட்டும் போட்டு, என் மாங்காயை ஒட்டினாற்போல் காலியாக விட்டிருந்தார்.

பையைத் துழாவிப் பென்சிலை எடுத்தேன். இரண்டு அடுக்கு தள்ளி ஒரு பணியாளர் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தார், என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பார்க்கட்டும் என்று அந்தத் துளியை நிரப்பினேன்.